பாட்டுக்கு அடியில்

"முதலாளி எங்க?" என்றான் அண்ணன்.

கடையில் அவளைத் தவிர வேறு ஆளில்லை. இருந்தும் அவன் பார்வை அவள் தலைக்கு மேலே போய், அலமாரியில் அடுக்கியிருந்த பழைய வீடியோ டெக்குகளில் முதலாளியைத் தேடியது.

"டீ வாங்கப் போயிருக்காரு. என்ன வேலை?"

"அவர்கிட்டயே சொல்லிக்கறேன்."

"சொல்லிக்க. கடைசியில என் மேஜைக்குத்தான் வரும்."

அவன் கையில் இருந்த பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்துக்கொண்டான். "மூணு கடை ஏறி இறங்கிட்டேன். ஒருத்தன் டெக் இல்லைங்கறான். ஒருத்தன் டெக் இருக்கு, ஓடாதுங்கறான். இன்னொருத்தன் டேப்னா என்னன்னே கேக்கறான். வேற வழி இருந்தா இந்தப் படி ஏறியிருப்பேனா?"

"நானும் நல்லா இருக்கியாண்ணான்னு கேக்கலையே."

தாடி பிளாஸ்கோடு உள்ளே வந்தார். கடை அவருடையது. சட்டையின் இரண்டாவது பொத்தானைத் தொடும் தாடி என்பதால் அவர் மனைவிகூட அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். பழைய வீடியோ டேப்புகளை டிஸ்க்கில் ஏற்றித் தருவதுதான் கடையின் தொழில். ஆர்டர் பிடிப்பது அவர். ஏற்றுவது அவள்.

அண்ணன் பையிலிருந்து டேப்பை எடுத்து மேஜை மேல் வைத்தான். மஞ்சளாகிப்போன லேபிளில், 'கடை திறப்பு.' பத்தொன்பது வயதில் அவளே எழுதி ஒட்டிய எழுத்து. அவளுக்குக் காது சூடேறியது.

"அப்பாவுக்கு எண்பது வயசாகுது. நாளைக்குச் சாயங்காலம் ஹால்ல பெரிய விழா. சொந்தக்காரங்க அத்தனை பேரும் வர்றாங்க. திரையில இதைப் போடணும்" என்றான் தாடியிடம்.

அத்தனை பேரும். அந்த அத்தனையில் தான் இல்லை என்பதை அவள் இப்படித்தான் தெரிந்துகொண்டாள்.

"படம் திரை முழுக்க வரணும். ரெண்டு பக்கமும் கறுப்பா பட்டை தெரியக்கூடாது."

"பழைய டேப்ல படம் சதுரமா இருக்கும்" என்றாள் அவள். "அகலத்துக்கு இழுத்தா எல்லாரும் அமுக்கி வச்ச மாதிரி தெரிவாங்க. நீ அப்பவே குண்டு. ஹால்ல உனக்கு ரெண்டு திரை கட்டணும்."

தாடி டீயை மூக்கில் ஏற்றிக்கொண்டு இருமினார்.

"கலரைத் தூக்கி விடுங்க. அப்பா ரெண்டு நிமிஷம்தான் வர்றாரு, அதுல முகம் நல்லாத் தெரியணும்."

"மீதி நேரமெல்லாம் கேமரா பிடிச்சதே அவர்தான, அப்புறம் எப்படிப் படத்துல வருவாரு?" என்றாள்.

அதற்கும் அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

"சவுண்டு?" என்று கேட்டார் தாடி.

"பாட்டு இருக்கு. டேப் முழுக்கப் பாட்டுதான், நானே ஏத்தினது. அது வந்தாப் போதும்."

"ஆளுங்க பேசினது?"

"அதெல்லாம் அப்பவே அழிஞ்சுபோச்சு. அது மேலதான பாட்டை ஏத்தினேன்." பையை மடித்துச் சட்டைப் பையில் செருகியவன், வாசலில் நின்று திரும்பினான். "ஒண்ணு மட்டும். இவகிட்டக் குடுத்துடாதீங்க. கரிநாக்கு. இவ தொட்டா டேப் பத்திக்கும்."

படியில் அவன் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. அவள் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை மேஜையில் குத்தினாள். அது நின்றது.

"திருப்பி அனுப்பிடவா?" என்றார் தாடி.

"வேணாம். குடுங்க."

கரிநாக்கு. இருபத்திரண்டு வருடப் பட்டம் அது. அப்பா ஜவுளிக்கடை திறந்த நாளன்று அவள் மெயின் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் நின்று கையை ஓங்கிக் கத்தினாள். அண்ணன் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். வீடியோவில் அது தெளிவாக இருந்தது. குரல்தான் இல்லை, மேலே காதல் பாட்டு ஓடியது. மூன்றாம் மாதம் கடை எரிந்து சாம்பலானது. பக்கத்துப் புத்தகக் கடையும் சேர்ந்து எரிந்தது. 'எனக்குக் கடையில இடமில்லைன்னா இந்தக் கடையே எரிஞ்சு போகட்டும்னு அன்னிக்கே சாபம் விட்டாளே' என்று சொந்தத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. யார் கேட்டாலும் அண்ணன் டேப்பைப் போட்டுக் காட்டினான். ஓங்கிய கை இருக்கிறது, திறந்த வாய் இருக்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நான் எச்சரிக்கை செய்தேன் என்று அவள் சொல்லிச் சொல்லித் தொண்டை கிழிந்தது. பிறகு ஒரு கல்யாணத்துக்கும் அவளைக் கூப்பிடவில்லை. அம்மா மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டு போனில் பேசுவாள். அந்த அம்மா இறந்தபோது சித்தி வாசலில் கையை நீட்டி மறித்தாள். "கூட்டம் கலையட்டும், அப்புறம் வா." கூட்டம் கலைகிற வரை கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றாள்.

அப்பா அவளைத் திட்டியதே இல்லை. "நான் கேமராவுல கண்ணை வச்சிருந்தேம்மா. எனக்கு எதுவும் காதுல விழலை" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவள் இத்தனை வருடம் பிடித்துக்கொண்டு தொங்கினாள். அப்பா கெட்டவர் இல்லை. அப்பாவுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஒரு நாள் தெரிந்துவிட்டால், இவள் சாபம் விடவில்லை என்று அவர் வாயால் நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். வேறெதுவும் வேண்டாம்.

டேப்பின் மூடியைத் திறந்தாள். சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. துடைத்தாள். முன்னும் பின்னும் ஒரு முறை ஓட்டி இறுக்கத்தைத் தளர்த்தினாள்.  கணினியைத் திறந்து பதிவுக்கான அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். படம் அகலமா, சதுரமா. தரம் உச்சமா, நடுத்தரமா. கடைசியாகச் சத்தம்.

டேப்பில் சத்தம் இரண்டு இடத்தில் குடியிருக்கும். ஒன்று, ஓரத்தில் மெல்லிய கோடாக. அந்தக் கால வீட்டு டெக்குகள் பெரும்பாலும் அதை மட்டும்தான் படிக்கும். இன்னொன்று, கேமரா உசத்தியாக இருந்தால், படத்துக்கு அடியில் ஆழமாகப் பதிந்திருக்கும். கடை டெக்கில் இரண்டையும் கேட்க ஒரு திருகு உண்டு: நார்மல், ஹை-ஃபை. இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதிவு என்பது அந்தக் கடையில் சட்டம்.

நார்மலில் வைத்தாள். பாட்டு வழிந்தது. அதே பாட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு ஹை-ஃபைக்குத் திருகினாள். இரைச்சல்தான் வரும் என்று நினைத்தாள்.

கத்தரிக்கோல் ரிப்பனை வெட்டும் சத்தம் கேட்டது.

கைதட்டல். நாற்காலிகள் இழுபடும் ஓசை. "ஏங்க, என்னை எடுக்காதீங்க, ஜவுளியை எடுங்க. காசு குடுத்து வாங்கினது அதுதான்." அம்மா. திரையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அவள் திருகிலிருந்து கையை எடுக்கவில்லை. அந்தக் கேமராவை ஊரிலேயே உசத்தி என்று சொல்லி அப்பா பெருமையாக வாங்கி வந்தது ஞாபகம் வந்தது. அண்ணன் பாட்டை ஏற்றியபோது ஓரத்துக் கோடுதான் அழிந்திருக்கிறது. அடியில் இருந்ததை அவன் தொடவே இல்லை. அது அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது.

படம் சுவிட்ச் போர்டுக்கு வந்தது. ஒல்லியாக, இரட்டைப் பின்னலோடு, பாலிடெக்னிக்கில் மின்சாரம் படித்துக்கொண்டிருந்த அவள்.

"அண்ணா, போர்டு கொதிக்குது. தொட்டுப் பாரு. இவ்வளவு லைட்டுக்கும் ஒத்தை வயரை இழுத்து வச்சிருக்கான். பாதி லைட்டை அணை. நாளைக்கே ஆளைக் கூப்பிட்டு மாத்து. துணிக்கடைண்ணா, பத்திக்கிச்சுன்னா ஒரு நிமிஷம் தாங்காது."

"வந்தவங்க முன்னாடி மானத்தை வாங்காத. நகரு."

"கையை விடு. தொட்டுப் பாருன்னுதான சொல்றேன்."

டேப்பை நிறுத்தினாள்.

தாடி பின்னால் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. "இதுல சாபம் எங்கம்மா இருக்கு?"

"அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன்." அவள் எழுந்தாள். "உங்க கஸ்டமருக்குப் போன் போடுங்க. சாம்பிள் பாத்து ஓகே சொன்னாத்தான் டிஸ்க்குன்னு சொல்லுங்க. கூட அப்பாவையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

"எதுக்குன்னு கேட்டா?"

"புடவைக் கலர் அவருக்குத்தான் தெரியும்னு சொல்லுங்க. பொய்தான. உங்களுக்குப் புதுசா?"

மறுநாள் காலை இருவரும் வந்தார்கள். அப்பா கைத்தடியை ஊன்றிப் படியேறி, மூச்சு வாங்கி, ஸ்டூலில் உட்கார்ந்தார். "எப்படிம்மா இருக்க?" என்றார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்பதுபோல.

"உக்காருங்க. ஒண்ணு காட்டணும்."

அண்ணனின் முகம் சுருங்கியது. "இவகிட்டக் குடுக்க வேணாம்னுதான சொன்னேன்?"

அவள் டேப்பை ஓட்டினாள்.

'ஏங்க, என்னை எடுக்காதீங்க' என்று அம்மா சொன்னதும் அப்பாவின் கைத்தடி தரையில் விழுந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. அண்ணன் வாயைத் திறந்தபடி நின்றான். அம்மா போய், கூட்டம் வந்து, சுவிட்ச் போர்டு வந்தது. 'அண்ணா, போர்டு கொதிக்குது.'

அண்ணன் டெக்கின் மேல் பாய்ந்தான். தாடியின் கை குறுக்கே வந்தது. "தொடாதீங்க தம்பி. பழைய டெக்கு. ஷாக் அடிக்கும்."

அவள் திரையைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதோ இப்போது அதிரப் போகிறார், இதோ நிமிர்ந்து அண்ணனைப் பார்த்து 'அடப்பாவி' என்று சொல்லப் போகிறார். 'தொட்டுப் பாருன்னுதான சொல்றேன்' வந்து போனது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அதிர்ச்சி இல்லை. கடன்காரன் வந்து கதவைத் தட்டும்போது உள்ளே மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பவனின் முகம்.

நேற்று அவள் இந்த இடத்தில்தான் நிறுத்தியிருந்தாள். இன்று நிறுத்தவில்லை. டேப் ஓடியது. ஒரு குரல் ஸ்பீக்கரை நிறைத்தது. மற்ற எல்லாக் குரலையும்விடப் பக்கத்தில், காதோடு பேசுவதுபோல.

'போதும். எனக்கும் கேட்டுச்சு. நல்ல நாளும் அதுவுமா வாயை மூடிக்கிட்டு உள்ள போ. அந்த போர்டை நான் பாத்துக்கறேன்.'

படம் ஒரு குலுங்கு குலுங்கி, துணி அடுக்குகளின் பக்கம் திரும்பிக்கொண்டது.

மைக் கேமராவிலேயே இருந்தது. கேமரா அப்பாவின் தோளில் இருந்தது. மைக்குக்கு எட்டிய எதுவும் அவர் காதுக்கு எட்டாமல் போயிருக்க வழியில்லை. இவ்வளவு எளிய விஷயம். டெக்குகளோடு பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று கூட்டத்தின் இரைச்சலில், தோளில் அண்ணன் கை அழுந்திக்கொண்டிருக்க, அந்தக் குரலை அவனுடையதாகவே நினைத்து உள்ளே போனதும் இப்போது ஞாபகம் வந்தது.

டேப்பை நிறுத்தினாள். திரை கறுத்தது. "உங்களுக்குக் கேட்டிருக்கு" என்றாள்.

 அண்ணன்தான் முந்திக்கொண்டான். "பாட்டு போடச் சொன்னதே அப்பாதான். சொன்னதைச் செஞ்சேன். என்னை எதுக்கு முறைக்கற?"

"நீ சும்மா இரு" என்றார் அப்பா. பிறகு தரையைப் பார்த்தே சொன்னார். "புத்தகக் கடைக்காரன் கேஸ் போடத் தயாரா இருந்தான். தெரிஞ்சே விட்டுட்டோம்னு ஒரு சொல் வெளிய வந்திருந்தா நானும் இவனும் உள்ள போயிருப்போம். அப்போ உங்கம்மாவை யாரு பாத்திருப்பா?"

"அதுக்காக?"

"சாபத்து மேல யாரும் கேஸ் போட முடியாதும்மா."

தாடி பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். அது எப்போதோ மூடியாகிவிட்டது.

"அப்போ அந்தப் பேச்சை முதல்ல கிளப்பினது அண்ணன் இல்ல. நீங்க."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். 

அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கை தானாக மேலே எழுந்தது. கறுத்திருந்த கணினித் திரையில் அவள் பிம்பம் தெரிந்தது: ஓங்கிய கை, திறந்த வாய். இப்போது யாராவது கேமராவோடு வந்தால் அதே படம் கிடைக்கும், மேலே ஒரு பாட்டைப் போட்டால் சரியாக இருக்கும். கையை இறக்கி மேஜை மேல் வைத்தாள். குரல் வேலைக்காரக் குரலாக வந்தது.

"சரி. கஸ்டமர் நீங்க. டேப்ல ரெண்டு சத்தம் இருக்கு. எது வேணும்?"

"பாட்டு" என்றான் அண்ணன் உடனே.

அப்பா கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். "அவ குரல்... வீட்ல எங்கயும் இல்லை. ஒரு கேசட்ல, ஒரு போன்ல, எதுலயும் இல்லை. ராத்திரியெல்லாம் ஞாபகப்படுத்திப் பாப்பேன். வராது."

"வராது. பாட்டைப் போட்டுப் புதைச்சது நீங்கதான். என்னைப் புதைக்கறேன்னு அவளையும் சேத்துப் புதைச்சிட்டீங்க." அவள் டேப்பின் மேல் விரலைத் தட்டினாள். "அம்மா வேணும்னா வருவா. கூட நானும் வருவேன். நீங்களும் வருவீங்க."

"ஏய், கதை விடாத" என்றான் அண்ணன். "கம்ப்யூட்டர்ல அந்த இடத்தை மட்டும் வெட்டிடலாம். எனக்குத் தெரியாதா?"

"வெட்டலாம். ரெண்டு நிமிஷ வேலை."

"அப்போ வெட்டு."

"வெட்ட மாட்டேன்."

அவன் தாடியிடம் திரும்பினான். "கடைக்கு முதலாளி நீங்கதான? நீங்க வெட்டுங்க."

"எனக்கு வெட்டிப் பழக்கமில்லை தம்பி." தாடி முகவாயைத் தடவிக்கொண்டார். "பாத்தாலே தெரியலையா?"

"டேப்பைக் குடு. வேற இடம் பாத்துக்கறோம்."

அவள் டெக்கின் பொத்தானை அழுத்தினாள். டேப் வெளியே வந்தது. எடுத்து மேஜையின் நடுவில் வைத்தாள். "எடுத்துக்க. ஆனா ஒண்ணு கேட்டுக்க. பாட்டை அழிக்கறது சுலபம். அடியில இருக்கற சத்தத்தை அழிக்கணும்னா படத்தையும் சேத்துத்தான் அழிக்கணும். அம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடறாளே, அதையும். துணிச்சல் இருந்தா அழி."

அண்ணன் கையை நீட்டினான். அதற்கு முன்னால் அப்பாவின் கை டேப்பின் மேல் போய் விழுந்தது. அந்தக் கை நெடுநேரம் அங்கேயே கிடந்தது. பிறகு டேப்பை அவள் பக்கமாகத் தள்ளியது.

"அப்படியே போடு."

"அப்பா, ஹால்ல எல்லாரும் இருப்பாங்க. உங்க பிறந்தநாள்."

"போடச் சொன்னேன்ல?"

அவள் நன்றி சொல்லவில்லை. படம்: சதுரம், உள்ளது உள்ளபடி. கலர்: தூக்கவில்லை. தரம்: உச்சம். சத்தம்: ஹை-ஃபை. பதிவுப் பொத்தானை ஓங்கி அடித்தாள்.

டேப்பை அவசரப்படுத்த முடியாது. ஒரு மணி நேர டேப் ஒரு மணி நேரம்தான் ஓடும். அந்த நேரம் முழுக்க அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். தாடி டீ நீட்டினார், வாங்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றுகூட அவள் கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை. விழுந்த கைத்தடியைக் கடைசியில் அண்ணன்தான் குனிந்து எடுத்தான்.

சாயங்காலம் ஹாலுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. போனாள். பின்வாசல் பக்கமாகப் போகலாம் என்ற தாடியை முறைத்துவிட்டு, முன்வாசல் வழியாகவே போனாள். வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. "கரிநாக்கு வந்திருக்கா" என்று யாரோ கிசுகிசுத்தது கேட்டது. கதவோரம் சுவரில் சாய்ந்து நின்றாள்.

முன்வரிசையில் அப்பா. அவர் கையில் ரிமோட். பக்கத்தில் அண்ணன் குனிந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். விளக்கு அணைந்தது. திரையின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிய, நடுவில் சதுரமாகப் பழைய கடை. அம்மா பேசியதும் ஹால் முழுக்க ஒரு மூச்சு இழுபட்டது. யாரோ விசும்பினார்கள். அம்மாவின் கிண்டலுக்கு நாலைந்து பேர் சிரிக்கவும் செய்தார்கள்.

பிறகு போர்டு வந்தது. 'கொதிக்குது. தொட்டுப் பாரு.' ஹாலின் நாலு மூலையிலும் இருந்த பெரிய ஸ்பீக்கர்களில் அவளுடைய பத்தொன்பது வயதுக் குரல் அறைந்தது. அண்ணன் அப்பாவின் மடியிலிருந்த ரிமோட்டுக்குக் கை நீட்டினான். அப்பா அதை இறுகப் பிடித்துக்கொண்டார்.

'எனக்கும் கேட்டுச்சு. நல்ல நாளும் அதுவுமா வாயை மூடிக்கிட்டு உள்ள போ.'

 துணி அடுக்குகள் திரையில் நகர்ந்துகொண்டிருந்தன. அண்ணன் மகள், ஆறேழு வயதுக்காரி, தெளிவாகக் கேட்டாள். "தாத்தா, இது உங்க குரலா?"

அப்பா பேத்தி பக்கம் திரும்பினார். "ஆமா" என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் உரக்க, பின்வரிசை வரை போகிறமாதிரி. "என் குரல்தான். அவ சாபம் எதுவும் விடலை. எச்சரிக்கை பண்ணினா. நான்தான் கேக்கலை."

அவ்வளவுதான். அவள் கேட்டிருந்த அதே வார்த்தை, அவர் வாயால், நாலு பேருக்குப் பதில் நானூறு பேர் முன்னால். கிடைத்ததும் நெஞ்சுப் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. இன்னும் எரிந்தது, அந்தக் கடை எரிந்தமாதிரி.

இருட்டில் ஒருத்தி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தட்டுத்தடுமாறி வந்தாள். சித்தி. அன்று வாசலில் நீண்ட கை இன்று நாற்காலியை அவள் பக்கத்தில் வைத்துத் தூசியைத் தட்டியது.

"உக்காரும்மா. எவ்வளவு நேரம் நிப்ப?"

அவள் சுவரிலிருந்து முதுகை எடுக்கவில்லை.

"பரவாயில்லை சித்தி. நீங்க மறிச்ச வாசல்ல நின்னே பழகிட்டேன்."